கடைசி வண்டிக்கு முதல் ஆசி

கொதிக்கிற கார் இன்ஜினை ஒருவர் உள்ளங்கையால் குளிர வைக்கிறாராம். ஸ்பேனர் வேண்டாம், மெக்கானிக் வேண்டாம், வாட்டர் பம்ப் மாற்ற வேண்டாம். வாயை மூடிக்கொண்டு வரிசையில் வந்து நின்றால் போதுமாம்.

இப்படி ஒரு செய்தி கிளம்பிய பிறகு நம் ஜனங்கள் வீட்டில் இருப்பார்களா? அவர்களும் கிளம்பிவிட்டார்கள். டாக்சிக்காரர் வந்தார். வீட்டுப் புரோக்கர் வந்தார். பல் டாக்டர் வந்தார். கல்லூரியில் வெப்பத்தைப் பற்றியே பாடம் நடத்துகிற பேராசிரியர் வந்தார். வெப்பத்தைப் பற்றிய தடித்தடிப் புத்தகங்கள் அவருடைய காரில் பின் சீட்டில் கிடந்தன. ஆமாம், பின் சீட்டில்தான்.

மகானுக்குக் குளிர்ச்சியார் என்று பெயர். யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை. நகரத்திலிருந்து கிளம்பும் மேட்டுச் சாலை மூச்சு வாங்கி முடிகிற இடத்தில், ஒரு பெரிய மண் மைதானத்தில், கூடாரம் போட்டு உட்கார்ந்திருந்தார். மேடு ஏறிக் கொதித்த வண்டிகளெல்லாம் வழக்கமாக வந்து மூச்சு விடுகிற இடம் அது. இடம் பார்த்து அவதரித்திருக்கிறார். பள்ளத்தில் அவதரித்திருந்தால் பட்டினிதான் கிடந்திருப்பார்.

கூடாரத்துக்கு முன்னால் ஒரு போர்டு. அதை நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். "சூடு என்பது ஆவி. ஆவியை விரட்ட அருள் வேண்டும்." ஆவி என்பது என்னமோ உண்மைதான். ரேடியேட்டர் மூடிக்குள்ளிருந்து புஸ்ஸென்று வருவதை வேறு என்ன சொல்வது?

மைதானத்துக்குள் நுழைந்தவுடன் ஒருவர் ஒலிபெருக்கியோடு ஓடிவருவார். குளிர்ச்சியாருக்குக் குடை பிடிக்கிறவர். அதனால் எல்லாரும் குடைக்காரர் என்றே கூப்பிட்டார்கள்.

"இன்ஜினை அணை! துணியைப் போடு! முள்ளைப் பார்க்காதே!"

முள் என்றால் வண்டிக்குள் சூட்டைக் காட்டுகிற முள். அதன்மேல் ஒரு நீலத் துணியைப் போட்டு மூட வேண்டும். துணி அங்கேயே கிடைக்கும், சும்மா கிடைக்காது. வரிசை முடிந்து குளிர்ச்சியார் வரும் வரைக்கும் துணியை எடுக்கக் கூடாது. இடையில் முள்ளைப் பார்த்தால் கண்ணின் சூடு முள்ளில் ஏறிவிடுமாம்.

இன்னொன்று, வரிசையில் இன்ஜினைப் போடவே கூடாது. சத்தம் கேட்டால் சூட்டாவி விழித்துக்கொள்ளுமாம். அப்படியானால் வரிசை நகரும்போது வண்டி எப்படி நகரும்?

அதற்குத்தான் நான். நானும் என்னைப் போல இன்னும் சில பேரும் அந்த மைதானத்தில் வண்டி தள்ளிப் பிழைத்தோம். காலையில் வந்த வண்டி மத்தியானம் வரைக்கும், அங்குலம் அங்குலமாக, எங்கள் முதுகில்தான் முன்னால் போகும். பாவத்தின் கனம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. காரின் கனம் எனக்கு நன்றாகத் தெரியும்.

வரிசையின் முகப்புக்கு வண்டி வந்ததும் குளிர்ச்சியார் எழுந்து வருவார். பானெட்டில் வலது கையை வைப்பார். கையைத் தொட்டுப் பார்த்தவர்கள், "யப்பா, என்னா ஜில்லுன்னு இருக்கு!" என்று சிலிர்த்துப் போவார்கள். கூடாரத்துக்குப் பின்னால் ஐஸ் வாளி ஒன்று இருந்ததை அவர்கள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். மகானுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கண்ணை மூடி ஏதோ முணுமுணுப்பார். பிறகு குடைக்காரர் துணியைச் சட்டென்று உருவுவார். டிரைவர் சாவியைப் பாதி திருப்புவார். முள் அடியில் படுத்துக் கிடக்கும்!

கூட்டத்திலிருந்து "ஆ...!" என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள். பல் டாக்டரின் வாய் அவ்வளவு பெரிதாகத் திறக்கும் என்று அவர் வந்த அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

கடைசியில் ரேடியேட்டரில் பச்சை நிறத்தில் தீர்த்தம் ஊற்றி, மூடியின்மேல் ஒரு நீலக் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போடுவார்கள். அதற்குப் பெயர் கட்டு. கட்டுப் போட்டாகிவிட்டதா? இனி அந்த மூடியைத் திறக்கக் கூடாது. இன்ஜினில் ஸ்பேனர் படக் கூடாது. பட்டால் கட்டு அறுந்துவிடும். மறுபடியும் வண்டி கொதித்தால் அது வண்டியின் சூடு அல்ல, ஓட்டுகிறவரின் மனதுக்குள் இருக்கிற சந்தேகத்தின் சூடு. திரும்ப வந்து நிற்க வேண்டும்.

எவ்வளவு அழகான தொழில்! குணமானால் மகானுக்குப் பெருமை. குணமாகாவிட்டால் டிரைவருக்கு மனசு சரியில்லை.

என் தங்கச்சி புருஷனுக்கும் மனசு சரியில்லாமல் போயிற்று. மாப்பிள்ளை டாக்சி ஓட்டுகிறார். இருப்பது ஒரே வண்டி. அது ஓடினால் அந்த வீட்டில் அடுப்பு எரியும், நின்றால் அணையும். கொஞ்ச காலமாகக் காலையில் ஸ்டார்ட் செய்தால் முன்பக்கத்திலிருந்து கீச் கீச்சென்று ஒரு சத்தம். மேடு ஏறினால் முள் சிவப்புக்குப் போகும். உடனே குளிர்ச்சியாரிடம் ஓடினார். கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். சில நாள் ஒழுங்காக ஓடியது. மறுபடி கொதித்தது. மறுபடி ஓடினார்.

"உன்னைச் சுத்தி எங்கேயோ சந்தேகம் இருக்கு. அதைக் கண்டுபிடி" என்றார் குடைக்காரர்.

மாப்பிள்ளை வீடு முழுக்கத் தேடினார். சந்தேகம் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தது.

என் தங்கச்சிக்கு வாய் கொஞ்சம் நீளம். கண் அதைவிட நீளம். வண்டி நிற்கிற வாசலில் தினமும் பச்சையாக ஒரு சொட்டுத் தடம் இருப்பதைப் பார்த்துவிட்டாள். நம் குளிர்ச்சியாரின் தீர்த்தமேதான். சும்மா தண்ணீராக இருந்திருந்தால் காய்ந்து போயிருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. சாயம் கலந்ததால் சிமென்டில் பிடித்துக்கொண்டது. மகான் தன் வாழ்நாளில் செய்த ஒரே உபகாரம் அந்தச் சாயம்தான்.

அவள் சொல்லி நான்தான் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போனேன். மாப்பிள்ளை குளித்துக்கொண்டிருந்தார். மெக்கானிக் ஒரு சாக்கை விரித்து வண்டிக்குக் கீழே படுத்து, டார்ச் அடித்துப் பார்த்தார். எழுந்து பெல்ட்டுப் பக்கத்தில் கையை விட்டுச் சக்கரம் மாதிரி இருந்த புல்லியைப் பிடித்து ஆட்டினார். அது கழலப் போகிற பல் மாதிரி ஆடியது.

"வாட்டர் பம்ப் போச்சும்மா" என்றார்.

"அப்படின்னா என்னண்ணே?" என்றாள் தங்கச்சி.

"இன்ஜினைச் சுத்தித் தண்ணியைத் தள்ளி விடுறது அதுதான். உள்ள தகடு வெச்ச சின்னச் சக்கரம் ஒண்ணு சுத்தும். தண்ணி சுத்தினாதான் சூடு ரேடியேட்டருக்குப் போய் ஆறும். தண்ணி கசியாம அடைக்கிற சீல் உள்ள தேஞ்சிடுச்சு. பம்புக்கு அடியில வேணும்னே ஒரு ஓட்டை வெச்சிருக்கான் பாரு, சீல் தேஞ்சா அது வழியா சொட்டும். 'என்னை மாத்துடா'ன்னு அது நாளெல்லாம் அழுதுகிட்டு இருக்கு."

"மாத்தலைன்னா?"

"இன்னும் ஒரு தடவை நல்லாக் கொதிச்சா ஹெட், அதான் இன்ஜினோட மேல் பாகம், வளைஞ்சிடும். அப்புறம் பம்பு இல்ல, இன்ஜினுக்கே அழணும்."

இடுப்பில் துண்டோடு மாப்பிள்ளை ஓடி வந்தார். தலையில் சோப்பு நுரை அப்படியே இருந்தது.

"யோவ்! ஸ்பேனரைத் தொடாதே! கட்டுப் போட்டிருக்கு!"

"நான் ஸ்பேனரே எடுக்கலையே" என்றார் மெக்கானிக்.

"நெனச்சியில்ல? நெனப்பே போதும்!"

மெக்கானிக் சாக்கை மடித்துக்கொண்டு போய்விட்டார். தங்கச்சி தைத்த துணியைக் கொடுத்துவிட்டு வரும்போது புது வாட்டர் பம்ப் ஒன்றை வாங்கி வந்து, பெட்டி பிரிக்காமல் அலமாரிக்கு மேலே வைத்தாள். அது வந்த வேலை முடியாமல் தங்கிவிட்ட விருந்தாளி மாதிரி அங்கேயே உட்கார்ந்திருந்தது. மாப்பிள்ளை அந்தப் பக்கம் திரும்பாமலே சட்டை எடுத்துப் போட்டுக்கொள்ளப் பழகினார்.

அப்போதுதான் அவருக்கு ஒரு நல்ல சவாரி வந்தது. மலைப்பாதையில் மேலே வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும். ஏற்றம் என்றால் சாதாரண ஏற்றம் இல்லை. நல்ல பம்ப் உள்ள வண்டியே அதில் பெருமூச்சு விடும்.

"இந்த வண்டியை வெச்சுகிட்டு மலை ஏறுறதா? நடுவுல ஹெட் போச்சுன்னா நாம என்ன பண்றது?" என்றாள் தங்கச்சி.

"அதுக்குத்தான் நாளைக்குப் போய்ப் பெருங்கட்டுப் போடப் போறேன். அது மலைக்குன்னே ஸ்பெஷல்."

"நானும் வர்றேன்."

"நீ எதுக்கு?"

"சந்தேகத்தை வீட்ல தனியா விட்டுட்டுப் போனா அது பயந்துக்குமே, பாவம்."

மறுநாள் காலையில் இரண்டு பேரும் வந்து வரிசையில் சேர்ந்தார்கள். மாப்பிள்ளைக்குத் தொண்டை கட்டியிருந்தது. தங்கச்சி ஒரு கெட்டிலில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் எடுத்து வந்து சீட்டுக்குக் கீழே வைத்திருந்தாள். முள்ளுக்குத் துணி போட்டார்கள். நான் தள்ளினேன்.

"மச்சான், மெல்லத் தள்ளுங்க. ஆவி முழிச்சிக்கும்" என்றார் மாப்பிள்ளை, தொண்டை கரகரக்க.

"ஆவி முழிக்காது மாப்ள. என் முதுகெலும்புதான் முழி பிதுங்கி நிக்குது."

தள்ளித் தள்ளி, மத்தியானத்துக்கு மேல் அவர் வண்டி வரிசையின் முகப்புக்கு வந்து சேர்ந்தது. அந்த நேரம் பார்த்துக் குளிர்ச்சியார் உறங்கப் போய்விட்டார். பின்னால் வரிசை மைதானத்தையும் தாண்டிச் சாலை வரைக்கும் நீண்டிருந்தது. காத்திருந்தோம்.

தங்கச்சி கெட்டிலைச் சாய்த்து ஒரு டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். மாப்பிள்ளை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்னடி இது, பச்சத் தண்ணியாட்டம் இருக்கு?"

"கொதிக்கக் கொதிக்கத்தான் ஊத்திட்டு வந்தேன்."

"காலையில ஊத்தினது இந்நேரம் வரைக்கும் ஆறாம இருக்குமா? புத்தி இருக்கா உனக்கு?"

தங்கச்சி பதில் சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றாள். கெட்டிலைப் பார்த்தாள். நீலத் துணியைப் பார்த்தாள். பின்னால் நீண்டு கிடந்த வரிசையைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு மெதுவாகக் கிளம்பியது. சின்ன வயசிலிருந்து எனக்கு அந்தச் சிரிப்பைத் தெரியும். அது கிளம்பினால் யாராவது ஒருத்தர் மாட்டுவார்.

"ஏங்க, இந்தக் கெட்டிலுக்கு யாரு கை வெச்சா?"

"கெட்டிலுக்கு எதுக்குடி கை வைக்கணும்? அது தானா ஆறிச்சு."

"இன்ஜினுக்குள்ள இருக்கறதும் தண்ணிதானே?"

"அது வேற, இது வேற."

"எப்படி வேற?"

"அது... கெட்டில்டி! இது கார்!"

தங்கச்சி நீலத் துணியின் நுனியைப் பிடித்தாள். எங்கிருந்தோ குடைக்காரர் ஒலிபெருக்கியோடு பாய்ந்து வந்தார்.

"அம்மா! கையை எடு! முள்ளைப் பார்த்தால் சூடு ஏறும்!"

கையை எடுத்துவிட்டாள். அதே நேரத்தில் குளிர்ச்சியார் கூடாரத்திலிருந்து வெளியே வந்தார். தினமும் உறங்கி எழுந்ததும் ஒரு சின்னப் பிரசங்கம் செய்வது அவர் வழக்கம். அன்றைக்கும் செய்தார்.

"குழந்தைகளே! என்னிடம் முதல் ஆள் என்றும் இல்லை, கடைசி ஆள் என்றும் இல்லை. பணக்காரர் வண்டியும் ஒன்றுதான், ஏழை வண்டியும் ஒன்றுதான். முன்னால் நிற்பவரும் பின்னால் நிற்பவரும் எனக்கு ஒன்றே!"

தங்கச்சி விறுவிறுவென்று முன்னால் போய்க் கையைக் கூப்பினாள். குரலில் தேன் ஒழுகியது.

"சாமி, நீங்க சொன்னது என் மனசைத் தொட்டுடுச்சு. முன்னால நிக்கிறவங்க நாங்கதான். எங்களுக்கு அவசரமே இல்ல. பாவம், கடைசியில நிக்கிறவர் இப்பத்தான் மேடு ஏறி வந்திருக்கார். நீங்க இன்னைக்கு அவருகிட்ட இருந்து ஆரம்பிச்சுக்கிட்டே வாங்க சாமி. எல்லாரும் ஒண்ணுதானே!"

குளிர்ச்சியாரின் முகத்தில் ஒரு நொடி ஈ ஆடவில்லை. குடைக்காரர் குறுக்கே வந்தார்.

"அதெல்லாம் முறை இல்லம்மா..."

ஆனால் விஷயம் அதற்குள் வரிசையின் வால் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது. வரிசையில் நின்ற நம் ஜனங்களைப் பற்றித் தெரியுமில்லையா? முன்னால் நிற்கிற நாலைந்து பேருக்குத்தான் முறை பிடிக்கும். பின்னால் நிற்கிற அத்தனை பேருக்கும் தர்மம்தான் பிடிக்கும்.

"நியாயமான பேச்சு!"

"சாமியே சொன்னாரே, எல்லாரும் ஒண்ணுன்னு!"

"இங்க வாங்க சாமி! இங்க வாங்க!"

மாப்பிள்ளைக்கு முகம் வெளிறிவிட்டது. "அடிப் பாவி, காலையிலேருந்து நின்னு முதல் எடத்துக்கு வந்தா, நம்மளைக் கடைசியாக்கிட்டியே!" என்று பல்லைக் கடித்தார்.

"பேசாம வாங்க. சவாரியும் வண்டியும் பொழைக்கணும்னா பேசாம வாங்க."

கூட்டம் குளிர்ச்சியாரை ஏறக்குறையத் தூக்கிக்கொண்டே போயிற்று. குடை கூடவே போனது. அவசரத்தில் ஐஸ் வாளி பின்தங்கிவிட்டது.

கடைசியில் நின்றது ஒரு கூரியர் வேன். மேடு ஏறி வந்து அப்போதுதான் அணைந்திருந்தது. பானெட்டின் இடுக்குகளில் புகை மாதிரி ஆவி வந்துகொண்டிருந்தது. அதன் டிரைவர் இன்னும் துணிகூட வாங்கவில்லை.

"சீக்கிரம் கையை வைங்க சாமி, நாலு எடத்துக்குப் பார்சல் குடுக்கணும்" என்றார் கூரியர்காரர்.

குளிர்ச்சியார் கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார்.

"ஸ்ஸ்ஸ்!"

இது எந்த மந்திரம் என்று பல் டாக்டர் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்.

மகான் மறுபடியும் வைத்தார். இந்த முறை விரல் நுனி மட்டும். கண்ணை மூடி முணுமுணுத்தார். முள்ளைப் பார்க்க வேனின் ஜன்னலுக்குள் நாங்கள் எல்லாரும் தலையை நுழைத்திருந்தோம். கூரியர்காரர் சாவியைப் பாதி திருப்பினார். முள் சிவப்பில் நின்றது. பார்த்துக்கொண்டே இருந்தோம். இறங்கவில்லை. இன்னும் ஒரு மயிரிழை மேலே ஏறியது.

"ஏறுதே!" என்றார் வீட்டுப் புரோக்கர்.

அது ஏன் ஏறியது என்று பிறகு மெக்கானிக் சொன்னார். இன்ஜின் நின்றவுடன் பம்பும் நின்றுவிடும், தண்ணீர் ஓடாது, இரும்பில் இருக்கிற சூடு நின்ற தண்ணீரில் இறங்கும். அதனால் முதலில் கொஞ்சம் ஏறித்தான் இறங்குமாம். இது மெக்கானிக்குக்குத் தெரியும். மகானுக்குத் தெரியாது. அவர் கண்ணைத் திறந்து முள்ளைப் பார்த்தார். நெற்றியிலிருந்து வேர்வை ஒழுகியது.

"இந்த வண்டியில் எதிர்ப்பு பலமாக இருக்கிறது. கொஞ்சம் பொறுக்க வேண்டும்" என்றார்.

"எவ்வளவு நேரம் சாமி பொறுக்கணும்?" என்றாள் தங்கச்சி, மிகவும் பணிவாக.

மேலே வெயில். கையில் சூடு. சுற்றிலும் மூச்சுக் காற்று. மகானுக்குப் பொறுமை போய்விட்டது. பிரசங்கத் தமிழும் கூடவே போய்விட்டது.

"ஆறுற வரைக்கும்தான்!" என்று எரிந்து விழுந்தார்.

முதலில் சிரித்தது கூரியர்காரர்தான்.

"ஆறுற வரைக்கும் பொறுக்கணும்னா நான் எதுக்கு சாமி இங்க வந்து நிக்கணும்? மர நெழல்ல நிறுத்திட்டுப் படுத்துத் தூங்கியிருப்பேனே!"

"இருங்க, இருங்க. இப்ப முதல் வண்டியைப் போய்ப் பார்க்கலாம். அதுக்கு இன்னிக்கு இன்னும் யாரும் கை வைக்கல" என்றாள் தங்கச்சி.

கூட்டம் அப்படியே திரும்பி வரிசையின் முகப்புக்கு ஓடியது. மாப்பிள்ளையை உள்ளே தள்ளி உட்கார வைத்தார்கள். நீலத் துணியின் நுனியை அவர் பிடித்தார், விட்டார், மறுபடி பிடித்தார். அவர் நிலைமையை நினைத்துப் பாருங்கள். முள் மேலே இருந்தால் பெண்டாட்டி முட்டாள். கீழே இருந்தால் இவர் முட்டாள். எது விழுந்தாலும் வீட்டுக்குள்தான் விழும்.

"எடுங்க மாப்ள" என்றேன்.

எடுத்தார். சாவியைத் திருப்பினார். முள் அடியில் சுகமாகப் படுத்துக் கிடந்தது.

"மந்திரிக்கவே இல்லையே..." என்றார் மாப்பிள்ளை. கெட்டிலைப் பார்த்தார். பெண்டாட்டியைப் பார்த்தார். பிறகு யாரையும் பார்க்கவில்லை.

அவ்வளவுதான். ஒவ்வொரு வண்டியாகத் துணி பறந்தது. நான் வரிசை நெடுக நடந்து பார்த்தேன். முன்னால் நின்ற வண்டிகளில் முள் படுத்திருந்தது. நடுவில் நின்றவற்றில் பாதியில் நின்றது. பின்னால் போகப் போக மேலே மேலே ஏறி, கூரியர் வேனில் சிவப்பில் முடிந்தது. யாரோ அளவெடுத்துக் கட்டின படிக்கட்டு மாதிரி இருந்தது. அருளுக்குப் பெயர் காத்திருப்பது என்று அந்தப் படிக்கட்டு சொல்லிற்று.

"என் அருள் காற்றிலேயே பரவி முன் வண்டிகளுக்கு..." என்று குளிர்ச்சியார் ஆரம்பித்தார்.

"அப்பக் கடைசி வண்டிப் பக்கம் காத்தே அடிக்கலையா சாமி?" என்று ஒரு குரல் கேட்டது. குடைக்காரர் குடையை மடக்கினார்.

பேராசிரியர் தன் காருக்குப் பக்கத்தில் தலை குனிந்து நின்றார். "சூடானது தானே ஆறும்னு எனக்குத் தெரியும்மா" என்றார் தங்கச்சியிடம்.

"தெரிஞ்சும் ஏன் சார் வந்தீங்க?"

"புத்தகத்துல வர்ற தண்ணி வேற, என் கார்ல இருக்கற தண்ணி வேறன்னு நெனச்சுட்டேன்."

நல்ல மனுஷன். ஒத்துக்கொண்டாரே!

மாப்பிள்ளை பானெட்டைத் திறந்தார். தங்கச்சியிடம் கையை நீட்டினார். அவள் இடுப்புப் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தாள். தைக்கிறவளிடம் அது எப்போதும் இருக்கும். நீலக் கயிறு இரண்டு துண்டாகிக் கீழே விழுந்தது. வண்டி நன்றாக ஆறியிருந்ததால் மூடியைப் பயமில்லாமல் திறந்தார். உள்ளே விரலை விட்டார். விரல் காய்ந்தபடியே வெளியே வந்தது.

ரேடியேட்டரில் தண்ணீர் இல்லை. காலையிலிருந்து நான் தள்ளிக்கொண்டு வந்த வழி நெடுக, மண்ணில், பச்சைப் புள்ளிகள் காய்ந்து கிடந்தன. இத்தனை நாளாகக் கயிறு காவல் காத்தது காலிப் பாத்திரத்தை.

"நாளைக்கு இதோடயா மலை ஏறியிருப்பேன்?" என்றார்.

"மொதல்ல தண்ணி ஊத்துங்க. மெல்ல எறக்கத்துல விட்டுக்கிட்டே மெக்கானிக் கடைக்குப் போயிடலாம். பம்பு எங்கிட்டதான் இருக்கு" என்றாள் தங்கச்சி.

"கொண்டாந்துட்டியா?"

"அலமாரி மேல வெச்சு வெச்சுப் பார்த்தேன். அங்க அதுக்கு ஒரு வேலையும் இல்ல. டிக்கியில கெடக்கு."

கெட்டிலில் மீதி இருந்த தண்ணீரும் ரேடியேட்டருக்குள்தான் போயிற்று.

மெக்கானிக் ஒன்றும் குத்திக் காட்டவில்லை. பெல்ட்டைக் கழற்றினார், புல்லியைக் கழற்றினார், பழைய பம்பை வெளியே எடுத்து மேஜையில் வைத்தார். உள்ளே இருந்த சக்கரத்தின் தகடுகளைத் துரு பாதி தின்றிருந்தது. வெறும் குழாய்த் தண்ணீரையே மறுபடி மறுபடி ஊற்றினால் அப்படித்தான் ஆகுமாம். கசியாமல் இருக்க இடையில் வைக்கிற பழைய கேஸ்கெட் அட்டை ஒட்டிக்கொண்டிருந்த இடத்தை நான் சுரண்டிக் கொடுத்தேன். புதுப் பம்பை வைத்து, எதிரும் புதிருமாக ஒவ்வொரு போல்ட்டாகச் சீராக முறுக்கினார். துருப் பிடிக்க விடாத கூலன்ட் ஊற்றி, மூடியைத் திறந்தபடியே இன்ஜினை ஓட விட்டார்; உள்ளே மாட்டிக்கொண்ட காற்று குமிழ் குமிழாக வெளியே வந்தது. கீச் கீச் சத்தம் போய்விட்டது. தங்கச்சி கீழே குனிந்து பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை.

மறுநாள் மாப்பிள்ளை மலை ஏறி இறங்கி வந்தார். முள் நடுவை விட்டு அசையவே இல்லையாம். அதை வீட்டுக்குள் நுழையும்போதே சொன்னார். சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டப் போனவர், அலமாரியின் மேல் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தார்.

"வேற எதுவும் வாங்கி வைக்கல இல்ல?"

"பிரேக்கு தேஞ்சிருக்குன்னு மெக்கானிக் சொன்னாரு" என்றாள் தங்கச்சி, மெஷினை மிதித்துக்கொண்டே. மாப்பிள்ளை அப்படியே திரும்பி மெக்கானிக் கடைக்குப் போனார்.

மைதானம் காலியாகிவிட்டது. என் வேலையும் போயிற்று. இப்போது மெக்கானிக் கடையில்தான் கையாள் வேலை பார்க்கிறேன். ஒரு நாள் மத்தியானம் பின்வாசல் பக்கமாக ஒரு வேன் வந்து நின்றது. கீச் கீச் என்று சத்தம். முன்பக்கம் ஆவி. இறங்கினவரைப் பார்த்தால் குளிர்ச்சியார். கூடக் குடை இல்லை.

"வாட்டர் பம்பு மாத்தணும்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"கை வெச்சுப் பாக்கலையா சாமி?" என்றேன்.

"சுடுதுப்பா" என்றார்.

எனக்கு அந்த ஆள்மேல் கோபம் வரவில்லை. ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டேன். உட்கார்ந்தார். பம்பைக் கழற்றுகிற வரைக்கும் பேச்சுக் கொடுத்தேன். முதல் அற்புதம் எப்படி நடந்தது என்று கேட்டேன்.

"இதே வேன்தான். மேட்டுல கொதிச்சு நின்னுடுச்சு. என்ன பண்றதுன்னே தெரியல. தலையில கை வைக்க வேண்டியவன் பானெட்டுல வெச்சுட்டு, கண்ணை மூடிக்கிட்டு ரொம்ப நேரம் நின்னேன். கண்ணைத் தொறந்து ஸ்டார்ட் பண்ணினா ஓடிச்சு. பார்த்துகிட்டு இருந்த ரெண்டு பேரு கையெடுத்துக் கும்பிட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமே சொல்லலப்பா. அதுதான் தப்பாப் போச்சு."

அவர் சொல்லவில்லை, சரி. கும்பிட்ட இரண்டு பேராவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! யாரும் கேட்காத இடத்தில் மகான்கள் முளைப்பதற்குத் தண்ணீர்கூடத் தேவையில்லை.

இப்போது மேட்டுக்குக் கீழே, பள்ளத்தில், வேறொருவர் கூடாரம் போட்டிருக்கிறாராம். இறக்கத்தில் வருகிற வண்டிகளின் பிரேக்குக்குச் சிவப்புக் கயிறு கட்டுகிறாராம். பல் டாக்டர் போய்ப் பார்த்துவிட்டு வந்து அதிசயம் என்கிறார். நல்ல கூட்டமாம்.

போகிறவர்கள் போங்கள். ரேடியேட்டர் மூடியில் கயிறு கட்டினார்கள், நீங்கள் திறக்கவில்லை. பிரேக்கிலும் கட்டுவார்கள், அதையும் திறக்க மாட்டீர்கள். ஆனால் உங்கள் தோளுக்கு மேலே இன்னொரு மூடி இருக்கிறது. அதில் எவனும் இன்னும் கயிறு கட்டவில்லை. திறந்து பார்க்க ஸ்பேனரும் தேவையில்லை.